நான்கு சங்கிலிகளில் ஒன்று குறைந்தால்: டஃபாசின் புரதம் இல்லாத மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு வழவழப்பான உறை. உட்சவ்வின் பரப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது. அவ்வளவு பரப்பும் ஒரு சிறு கூட்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் அது உள்நோக்கி மடிந்து மடிந்து நிற்கிறது. இந்த மடிப்புக்குக் கிரிஸ்டா என்று பெயர். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜார்ஜ் பாலடேயும் ஸ்வீடனில் ஃப்ரிட்யோஃப் ஷோஸ்ட்ராண்டும் தனித்தனியே எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாக இந்த மடிப்புகளைக் கண்டார்கள். மூச்சோடு உள்ளே போகும் ஆக்ஸிஜன் கடைசியாகச் செலவாகும் இடம் இதுதான். சுவாசச் சங்கிலியின் புரதங்கள் இங்கே பதிந்திருக்கின்றன, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி (ATP) இங்கே உருவாகிறது. ஓயாமல் துடிக்கும் இதயத்தசைச் செல்லில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாக்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்தத் துறையின் அடித்தளத்தில் சென்னையில் படித்த ஒருவரின் கைவேலை இருக்கிறது. எல்லாப்பிரகடா சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இல் பாஸ்பரஸை நிறமாற்றத்தால் அளக்கும் முறையை வெளியிட்டார். 1929-இல் அதே இருவர் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தறிந்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாக அதே முடிவுக்கு வந்தார். சுப்பாராவ் ஏடிபிக்காக நினைக்கப்படுகிறார், அது சரிதான். ஆனால் அந்தப் பாஸ்பரஸ் அளவீடுதான் பின்னால் பல பத்தாண்டுகளுக்குச் சவ்வுக் கொழுப்புகளை ஆய்ந்தவர்களின் அன்றாடக் கருவியாக இருந்தது. ஒரு சவ்வில் பாஸ்போலிப்பிட் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அதிலுள்ள பாஸ்பரஸை எண்ணினால் போதும். எண்ணும் வழியைக் கொடுத்தவர்கள் ஃபிஸ்கேயும் சுப்பாராவும்.

அப்படி எண்ணப்பட்ட பாஸ்போலிப்பிட்டுகளில் ஒன்று கார்டியோலிப்பின். மேரி பாங்போர்ன் அதை 1942-இல் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். அப்போது அவர் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடவில்லை. கிரந்தி நோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக்குத் தூய்மையான, நம்பத்தகுந்த ஒரு பொருள் தேவைப்பட்டது. அது கார்டியோலிப்பினாக அமைந்தது. இன்றும் பொழிச்சலூரில் கருவுற்ற ஒரு பெண் முதல் பரிசோதனைக்குப் போய் விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் சோதனைக்கு ரத்தம் கொடுத்தால், அந்த ரத்தம் ஆய்வகத்தில் கலக்கப்படுவது கார்டியோலிப்பின், லெசித்தின், கொலஸ்டிரால் சேர்ந்த ஒரு கலவையோடுதான். கிரந்தி இருந்தால் ரத்தத்தில் கார்டியோலிப்பினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும், கலவை திரிதிரியாகத் திரளும். இந்தச் சோதனையைச் செய்துகொண்ட கோடிக்கணக்கான பெண்களில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கும், அதே பொருள் தங்கள் இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் வேண்டியிருக்கிறது என்பது.

சாதாரணப் பாஸ்போலிப்பிட்டுக்கு ஒரு தலை, இரண்டு கொழுப்பமிலச் சங்கிலிகள். கார்டியோலிப்பினில் அப்படிப்பட்ட இரண்டு அலகுகள் ஒரு கிளிசராலால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆக இரண்டு பாஸ்பேட்டுகள், நான்கு சங்கிலிகள். தலை சிறுத்து, வால் பக்கம் அகன்று, மூலக்கூறு கூம்பு வடிவம் கொள்கிறது. கூம்புகளை நெருக்கமாக அடுக்கினால் அவை தட்டையான தளமாக நிற்க விரும்புவதில்லை, வளையத் தொடங்கும். புடவைக் கொசுவத்தில் மடிப்பைத் தாங்குவது துணி திரும்பும் விளிம்பு. கிரிஸ்டாவிலும் சவ்வு கூர்மையாகத் திரும்பும் இடங்களே மடிப்பை நிறுத்திவைக்கின்றன, கார்டியோலிப்பினின் கூம்பு வடிவம் பொருந்துவதும் அந்த இடங்களில்தான். உட்சவ்வின் பாஸ்போலிப்பிட்டுகளில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு கார்டியோலிப்பின். செல்லின் மற்றச் சவ்வுகளில் அது அநேகமாக இல்லை. பாக்டீரியாக்களின் சவ்வில் உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது என்ற கருத்துக்கு இதுவும் ஒரு சான்று.

நான்கு சங்கிலிகளும் எவை என்பதிலும் ஒழுங்கு உண்டு. பாலூட்டிகளின் இதயத்தில் பெரும்பாலான கார்டியோலிப்பின் மூலக்கூறுகளில் நான்குமே லினோலெயிக் அமிலம். புதிதாக உருவாகும்போது அப்படி இருப்பதில்லை. அப்போது சங்கிலிகள் கலந்து கிடக்கின்றன, பிறகுதான் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு ஒரே வகைக்கு வந்து சேர்கின்றன. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதிதான் டஃபாசின்.

இந்தப் புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மனிதர்கள் முதலில் ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து கற்றார்கள். நெதர்லாந்தின் குழந்தை நரம்பியல் மருத்துவர் பீட்டர் பார்த், 1983-இல் ஒரு டச்சுக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்தில் பெண்கள் நலமாக இருந்தார்கள். ஆண் குழந்தைகள் தலைமுறைதோறும் சின்ன வயதிலேயே இறந்தார்கள், சிலர் இதயம் வீங்கி, சிலர் தொற்று நோயில். அவர்களின் இதயத்தசை, எலும்புத்தசை, நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணு ஆகிய மூன்றும் பழுதுபட்டிருந்தன, மூன்றிலும் மைட்டோகாண்ட்ரியா விகாரமாக இருந்தது. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. 1996-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எக்ஸ் குரோமோசோமின் நுனிப்பகுதியில் பழுதான மரபணுவைக் கண்டார்கள். அந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்பது அப்போதும் விளங்கவில்லை. 2000-இல் ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் ஃப்ரேக்கனும் கூட்டாளிகளும் நோயாளிகளின் தோல் செல்களில் கார்டியோலிப்பின் சீர்கெட்டிருப்பதைக் காட்டினார்கள். இதயம், தசை, வெள்ளையணு என்று சிதறிக் கிடந்த குறிகள் எல்லாம் ஒரே ஒரு கொழுப்பு மூலக்கூறில் வந்து சேர்ந்தன. 

டஃபாசின் ஒரு சங்கிலியைப் புதிதாகச் செய்வதில்லை. பக்கத்திலிருக்கும் ஒரு பாஸ்போலிப்பிட்டிலிருந்து, பெரும்பாலும் லெசித்தினிலிருந்து, ஒரு கொழுப்பமிலத்தை எடுத்து, மூன்று சங்கிலிகளோடு நிற்கும் கார்டியோலிப்பினுக்குக் கொடுக்கிறது. அந்த மூன்று சங்கிலி மூலக்கூறுக்கு மோனோலைசோகார்டியோலிப்பின் என்று பெயர். இந்தக் கைமாற்றத்துக்கு ஏடிபி செலவில்லை, இருபுறமும் நடக்கக்கூடியது. அப்படியானால் கலவையாக இல்லாமல் லினோலெயிக் அமிலம் மட்டும் நான்கு இடங்களிலும் எப்படிச் சேர்கிறது? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷ்லாமே, மிண்டாங் ரென், யாங் ஷூ ஆகியோரின் குழு 2012-இல் இதற்குத் தந்த விடை அழகானது. நொதிக்குத் தனியாக ஒரு விருப்பம் கிடையாது. சவ்வு தட்டையாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் அது சும்மா இருக்கிறது. சவ்வு வளைந்து, அடுக்கு குலைந்து நிற்கும் இடத்தில்தான் வேலை செய்கிறது. அங்கே எந்தச் சங்கிலி அமைப்பு வளைவுக்குப் பொருந்துகிறதோ அதுவே மிஞ்சுகிறது. சவ்வின் வடிவம் நொதிக்கு வேலை சொல்கிறது, நொதியின் வேலை சவ்வின் வடிவத்தை நிலைநிறுத்துகிறது. டஃபாசின் இல்லாத செல்லில் முறிவது இந்தப் பரஸ்பரம்.

முறிவின் விளைவு மூன்று அளவுகளில் தெரிகிறது: மொத்தக் கார்டியோலிப்பின் குறைகிறது, இருப்பதில் லினோலெயிக் அமிலம் அருகிப்போகிறது, மூன்று சங்கிலி மூலக்கூறு குவிகிறது. ஒரு வால் இழந்த மூலக்கூறில் கூம்பு வடிவம் தளர்ந்துவிடுகிறது, வளைவைத் தாங்கும் தகுதியும் அதோடு போகிறது. இந்தக் குவிப்புக்குக் காரணம் சங்கிலியைச் சேர்க்க ஆள் இல்லாதது மட்டுமல்ல. ஆரோக்கியமான சவ்வில் கார்டியோலிப்பின் சுவாசப் புரதங்களோடு இறுக ஒட்டிக்கொண்டிருப்பதால் அது சிதையாமல் நீண்ட நாள் வாழ்கிறது. டஃபாசின் இல்லாதபோது அந்த ஒட்டு தளர்கிறது, தனித்து நிற்கும் மூலக்கூறை வெட்டும் நொதிகள் எளிதில் பிடித்துவிடுகின்றன. டஃபாசின் இல்லாத பழ ஈக்கள் சரியாகப் பறக்க முடியாமல் தவித்தன, ஆண் ஈக்கள் மலடாயின. வெட்டும் நொதிகளில் ஒன்றையும் சேர்த்து நீக்கியபோது ஆண் ஈக்களுக்கு இனப்பெருக்க ஆற்றல் திரும்பியது. நோயைக் குணப்படுத்த இழந்த புரதத்தைக் கொடுப்பது ஒன்றே வழியல்ல என்பதை 2009-இல் வந்த அந்த ஆய்வு காட்டியது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைக் கூர்ந்து பார்த்தால் சேதம் கண்ணுக்கே தெரியும். சாதாரண இதயச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் மடிப்புகள் இணையிணையாக, நெருக்கமாக, ஒரே சீராக நிற்கும். ஒவ்வொரு மடிப்பின் இரு சவ்வுகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி முடிவரை தொடரும். மடிப்பு உட்சவ்வின் ஓரத்தோடு சேரும் வாய் சில பத்து நானோமீட்டர் அகலமே இருக்கும். பார்த் நோயாளிகளின் வெள்ளையணுக்களிலிருந்து வளர்த்த செல்களை 2007-இல் எலக்ட்ரான் டோமோகிராபி முறையில் முப்பரிமாணமாகப் படமெடுத்தபோது மடிப்புகள் குறைந்தும் ஒழுங்கற்றும் இருந்தன. பல இடங்களில் மடிப்பின் இரு சவ்வுகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் நடு இடைவெளியே இல்லாமலிருந்தது. முற்றிய நிலையில் அப்படி ஒட்டிய சவ்வுகள் தாள்தாளாக ஒன்றைச் சுற்றி ஒன்று வளையமிட்டிருந்தன. சராசரியாக மைட்டோகாண்ட்ரியாக்கள் உருவில் பெரிதாகவும் இருந்தன. அந்த நடு இடைவெளி வெறும் வெற்றிடமல்ல. சுவாசச் சங்கிலி புரோட்டான்களை இறைத்துச் சேர்ப்பது அங்கேதான், அவற்றின் அழுத்தத்தில்தான் ஏடிபி ஆலை சுழல்கிறது. இடைவெளி ஒட்டிப்போன இடத்தில் சேர்ப்பதற்கு இடமில்லை.

ஏடிபி ஆலையும் வடிவத்துக்கு வெளியே நிற்பதில்லை. ஏடிபி சிந்தேஸ் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மடிப்பின் கூர்விளிம்பு நெடுக வரிசையாக நின்று, தாமே சவ்வை வளைக்கின்றன. 2011-இல் பழ ஈயின் பறக்கும் தசையில் பார்த்தபோது, கார்டியோலிப்பின் குறைந்த ஈக்களில் அந்த நீண்ட வரிசைகள் துண்டுபட்டுச் சிதறியிருந்தன. சுவாசச் சங்கிலியின் புரதக் கூட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருங்கூட்டமாக நிற்பதும் பார்த் நோயாளிகளின் செல்களில் தளர்கிறது. ஏடிபியை வெளியே அனுப்பி அதன் செலவான வடிவத்தை (ADP) உள்ளே வாங்கும் கடத்திப் புரதத்தின் படிகத்திலேயே கார்டியோலிப்பின் மூலக்கூறுகள் பதிந்திருப்பதைக் காணலாம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் விஷால் கோஹிலின் ஆய்வகம் 2020-இல் இன்னொன்றைச் சேர்த்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியத்தை விடும் வாயில்புரதம் நிலைத்து நிற்கக் கார்டியோலிப்பின் தேவை, பார்த் நோயாளிகளின் இதயத் திசுவில் அந்தப் புரதம் குறைந்திருந்தது. துடிப்பு வேகமெடுக்கும்போது ஏடிபி உற்பத்தியையும் வேகப்படுத்தச் சொல்லும் செய்தி கால்சியம்தான். மாடி ஏறினால் மூச்சு வாங்கும் பையனின் சோர்வுக்கு இதிலும் ஒரு விளக்கம் இருக்கிறது.

மடிப்பைக் குலைக்கும் புரதக் குறை டஃபாசின் ஒன்று மட்டுமல்ல. மடிப்பின் வாயைப் பிடித்துவைக்கும் மைக்கோஸ் என்ற புரதக்கூட்டம் 2011-இல் மூன்று ஆய்வுக்குழுக்களால் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இனங்காணப்பட்டது. அதன் முக்கிய உறுப்பான மைட்டோஃபிலினை அகற்றினால் வாய்கள் மறைந்து, மடிப்புகள் வெங்காயத் தோல்போல் வளையங்களாகிவிடும் என்று 2005-லேயே தெரிந்திருந்தது. ஓபிஏ1 என்ற புரதம் வாயை இறுக்கிவைக்கிறது. அதன் மரபணு பழுதானால் பார்வை நரம்பு மெலிந்து பார்வை மங்கும். இவை சட்டத்தைத் தாங்கும் புரதங்கள், அவை போனால் சட்டம் சரிவதில் வியப்பில்லை. டஃபாசின் அப்படியல்ல. அது சட்டத்தில் ஓர் உறுப்பே அல்ல, லிப்பிட்டின் ஒரு சங்கிலியை மாற்றித் தரும் நொதி மட்டுமே. அது இல்லாமலும் இதே வளையங்கள் தோன்றுகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. சவ்வின் வடிவத்தை நிர்ணயிப்பதில் லிப்பிட்டுக்குப் புரதத்துக்குச் சமமான இடம் உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

டிஎன்ஏஜேசி19 என்ற புரதம் இவ்விரு வகைக்கும் நடுவில் நிற்கிறது. கனடாவின் ஹட்டரைட் சமூகத்தில் இதயத்தசை நோயும் தள்ளாட்டமும் சேர்ந்து வரும் ஒரு நோய்க்கு இதன் குறையே காரணம் என்று 2006-இல் தெரியவந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதங்களை இழுத்துவிடும் வாயில்களில் இந்தப் புரதமும் இதன் உறவுப் புரதங்களும் எப்படிப் பங்கேற்கின்றன என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பாட்ரிக் டி'சில்வாவின் குழு மனிதச் செல்களில் ஆராய்ந்திருக்கிறது. 2014-இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் இதே புரதம் புரோஹிபிட்டின் என்ற புரத வளையத்தோடு சேர்ந்து கார்டியோலிப்பினின் சங்கிலி மாற்றத்தையும் கட்டுப்படுத்துவதாகக் காட்டினார்கள். பார்த் நோயும் இந்த நோயும் குறிகளில் ஒத்துப்போவது தற்செயல் அல்ல. இரண்டிலும் சிறுநீரில் 3-மெத்தில்குளுட்டகோனிக் அமிலம் மிகுந்திருக்கும்.

சேதம் மைட்டோகாண்ட்ரியாவோடு நிற்பதில்லை. நியூட்ரோஃபிலின் புறச்சவ்விலும் ஒரு மாறுதல் காணப்படுகிறது. சாகும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் அனெக்ஸின் என்ற புரதம், பார்த் நோயாளிகளின் உயிருள்ள, சாவுக்கான வேறெந்த அடையாளமும் இல்லாத நியூட்ரோஃபில்களிலும் ஒட்டுவதை 2004-இல் டச்சு மருத்துவர்கள் கண்டார்கள். வெளிப்பரப்பிலும் ஏதோ மாறியிருக்கிறது என்றே இது காட்டுகிறது. ரத்தத்தில் அந்த அணுக்கள் ஏறியும் இறங்கியும், சில வேளை அடியோடு குறைந்தும் போகின்றன. வாய்ப்புண்ணும் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலும் ஆபத்தான ரத்தத் தொற்றும் அதனால் வருகின்றன.

பார்த் நோய் மிக அரிது, உலகம் முழுவதும் இனங்காணப்பட்டவர்கள் சில நூறு பேர்தான். அரிது என்பதோடு, தவறவிடவும் படுகிறது. ஒரு ஆண் குழந்தை இதயம் வீங்கி வந்தால் வைரஸ் தாக்குதல் என்று எழுதப்படலாம், தொற்றில் இறந்தால் தொற்று என்றே எழுதப்படும். சில ஆண் கருக்கள் பிறக்கும் முன்பே இதயம் செயலிழந்து இறக்கின்றன, அந்தக் கணக்கு எந்த நோயின் பெயரிலும் சேர்வதில்லை. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் நலமாக இருந்துகொண்டே பழுதைக் கடத்துகிறாள், மகனுக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. சொந்தத்தில் மணந்ததால் இந்த நோய் வருவதில்லை. இதைத் தமிழ்நாட்டில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே மணமான பெண்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் உறவில் மணந்தவர்கள், எந்தக் குழந்தைக்கு எந்தப் பரம்பரை நோய் வந்தாலும் பழி மாமன் மகனை மணந்ததன் மேல் விழுந்துவிடுகிறது. டிஎன்ஏஜேசி19 போன்ற மற்ற மரபணுக்களின் நோய்களுக்கு இரு பெற்றோரிடமிருந்தும் பழுது வர வேண்டும், அவற்றில் உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். பார்த் நோயில் பார்க்க வேண்டியது தாயின் பிறந்த வீட்டை. தாய்மாமன்மார் யாராவது கைக்குழந்தையாகவே இறந்தார்களா, பெரியம்மா சின்னம்மா பெற்ற ஆண் குழந்தைகள் தங்கினார்களா என்பதை.

நோயை உறுதிசெய்யும் சோதனை எளிது. மூன்று சங்கிலி மூலக்கூறுக்கும் நான்கு சங்கிலி மூலக்கூறுக்கும் உள்ள விகிதத்தை நிறை நிறமாலைக் கருவியால் அளந்தால் போதும், தாளில் உலர்ந்த ஒரு ரத்தப் பொட்டு அதற்குப் போதுமானது. விகிதம் உயர்ந்திருந்தால் மரபணு வரிசையைப் படித்துப் பழுதை உறுதிசெய்யலாம். சிகிச்சை இன்று பெரும்பாலும் காப்பதுதான். இதயச் செயலிழப்புக்கு மருந்து, நியூட்ரோஃபிலைப் பெருக்க ஜி-சிஎஸ்எஃப் ஊசி, காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் நுண்ணுயிர்க்கொல்லி, தேவைப்பட்டால் இதய மாற்று. எலிகளில் டஃபாசின் மரபணுவை வைரஸின் மூலம் திரும்பச் செலுத்தியபோது இதயம் தேறியது. எலமிப்ரெடைட் என்பது நான்கு அமினோ அமிலங்களால் ஆன சிறு மருந்து. அது இழந்த புரதத்தைத் தருவதில்லை. உட்சவ்வுக்குச் சென்று கார்டியோலிப்பினோடு ஒட்டுகிறது. 12 பேரிடம் நடந்த மாற்றுமுறைச் சோதனையில் முதல் வாரங்களில் அது வெற்றிபெறவில்லை. மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களின் தசைவலிமை பின்னர் கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 செப்டம்பரில், பயன் மேலும் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு, 30 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள நோயாளிகளுக்கு அதை அனுமதித்தது. பார்த் நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது.

இதயம் வீங்கி வரும் ஒவ்வொரு ஆண் குழந்தையிடமும் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதும், வளர்ச்சி குன்றியிருக்கிறதா என்று கவனிப்பதும், தாயிடம் அவள் உடன்பிறந்த ஆண்களைப் பற்றிக் கேட்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றில் ஐயம் எழுந்தால் கார்டியோலிப்பின் விகிதத்துக்கு ஒரு ரத்தப் பொட்டை அனுப்பிவைக்கும்படி மருத்துவர்களையும், அதைக் கேட்டு வாங்கும்படி பெற்றோரையும் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.